மழைக்காட்டு விடுதியில் உணவு

அமேசான் மழைக்காடுகளைக் காணச் செல்லும் பயணிகளுக்கெனக் காட்டின் நடுவே சிறு விடுதிகள் பல இருக்கின்றன. ‘இங்கேயே விளைந்த, அன்றன்றைக்குக் கிடைத்த உணவு’ என்று இவ்விடுதிகள் பெருமையுடன் சொல்லிக்கொள்கின்றன. சுட்ட மீன், மரவள்ளி மாவு, நாம் பெயர்கூடக் கேட்டிராத பழங்களின் சாறு ஆகியவை அங்கே உணவு மேசைக்கு வருகின்றன. சுற்றிலும் இவ்வளவு பெரிய காடு இருக்கும்போது உணவுக்கு என்ன குறை என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால் 1541-ஆம் ஆண்டில் இதே காட்டுப் பகுதிக்குள் நுழைந்த ஸ்பானியப் படை ஒன்றின் அனுபவம் வேறு. கொன்சாலோ பிசாரோவின் தலைமையில் இலவங்கப்பட்டை மரங்களைத் தேடி ஆண்டிஸ் மலையைக் கடந்து வந்த அப்படையினர், கொண்டுவந்த உணவு தீர்ந்ததும் பட்டினியில் விழுந்தனர். குதிரைகளைத் தின்றனர். தோல் கச்சைகளையும் காலணிகளின் அடித்தோலையும் வேகவைத்து உண்ணும் நிலைக்கு வந்தனர். அவர்களுள் ஒரு பிரிவினர் ஒரெல்லானா என்பவருடன் ஆற்றோடு படகில் இறங்கிச் சென்றனர். வழியில் கரையோர ஊர்களில் மரவள்ளியும் மக்காச்சோளமும் மீனும் ஆமையும் ஏராளமாக இருக்கக் கண்டனர்.

காடு ஒன்றுதான். ஒருவர் பட்டினி கிடந்த இடத்தில் மற்றொருவர் வயிறார உண்டார். இடையில் இருந்த வேறுபாடு அறிவு. எது உணவு, எது நஞ்சு, எதை எந்த மாதத்தில் எடுக்கலாம், எவ்வளவு எடுத்தால் அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்னும் அறிவு அது. இன்று காட்டு விடுதியின் தட்டில் வைக்கப்படும் ஒவ்வொரு பண்டத்துக்குப் பின்னாலும் அந்த அறிவு இருக்கின்றது. அதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பசுமைக்குள் பற்றாக்குறை

மழைக்காட்டின் மண் மிகவும் வளமானது என்று பலரும் எண்ணுகின்றனர். அமேசான் படுகையின் மேட்டு நிலங்களைப் பொறுத்தவரை இது சரியன்று. பல இலட்சம் ஆண்டுகளாகப் பெய்துவரும் மழை, மண்ணிலுள்ள பாஸ்பரஸ், கால்சியம், பொட்டாசியம் போன்ற சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய சத்தின் பெரும்பகுதி மரங்களின் உடலிலும், உதிர்ந்த இலைகளிலும்தான் இருக்கின்றது. இலை உதிர்ந்து மக்கியவுடன் மேலாகப் பரவியுள்ள வேர்கள் அச்சத்தை உறிஞ்சி மீண்டும் மரத்துக்கே அனுப்பிவிடுகின்றன. காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டால் சாம்பலின் வலுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் விளையும். பிறகு விளைச்சல் வீழ்ந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமேசான் காட்டின் ஒரு ஹெக்டேரில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில், இருநூறுக்கும் மேற்பட்ட மர வகைகள் இருக்கக்கூடும். வகைகள் பல, ஆனால் ஒரு வகைக்கு ஓரிரு மரங்களே இருக்கும். நம் ஊர் மாந்தோப்பில் நிற்பதுபோலக் கனிமரங்கள் கூட்டமாக நிற்பதில்லை. பழங்களும் முப்பது மீட்டர் உயரத்தில் தொங்குகின்றன. இலைகளோ பூச்சிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளத் துவர்ப்புப் பொருள்களையும் நஞ்சுகளையும் நிரப்பி வைத்திருக்கின்றன. பசுமையாகத் தெரிவதெல்லாம் கீரை ஆகிவிடாது.

ஆற்றோரம் மட்டும் நிலைமை வேறு. ஆண்டிஸ் மலையிலிருந்து வரும் ஆறுகள் வண்டலைச் சுமந்து வருகின்றன. ஆண்டுதோறும் வெள்ளம் ஏறி இறங்கும்போது அந்த வண்டல் தாழ்ந்த காடுகளில் படிகின்றது. இத்தகைய வெள்ளக்காட்டினைப் பிரேசில் மக்கள் ‘வார்சியா’ என்பர். மீனும் பயிரும் செழிப்பது இங்கேதான்.

மிதக்கும் விடுதி

பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில், மனாவுஸ் நகருக்கு மேற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சொலிமோயிஸ், ஜப்புரா என்னும் இரு ஆறுகள் கூடும் இடத்தில் மமிராவா என்னும் காப்புக்காடு உள்ளது. இதன் பரப்பு பதினோராயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். முழுவதும் வெள்ளக்காடு. ஆண்டுக்கு ஒருமுறை நீர்மட்டம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயர்ந்து இறங்குகின்றது. நான்கு மாடிக் கட்டடம் மூழ்கும் அளவு இது.

செம்முகக் குரங்கு ஒன்றினைப் பற்றி இங்கு ஆராய வந்த உயிரியல் அறிஞர் ஜோசே மார்சியோ அய்ரெஸ் இக்காட்டின் பாதுகாப்புக்குப் பெரிதும் பாடுபட்டார். 1990-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட மமிராவா, 1996-இல் உள்ளூர் மக்களும் அங்கேயே வாழ்ந்து பயன் துய்க்கும் வகையில் மாற்றியமைக்கப்பட்டது. மக்களை வெளியேற்றிவிட்டுக் காட்டைக் காப்பது என்னும் பழைய முறைக்கு இது மாறானது. 1998-இல் இங்கே ஒரு விடுதி தொடங்கப்பட்டது. அந்தச் செம்முகக் குரங்கின் பெயரே அதற்கும் இடப்பட்டது. நீர் ஏறினால் ஏறவும் இறங்கினால் இறங்கவும் வேண்டும் என்பதால் விடுதி முழுவதும் மிதவைகளின் மேல் அமைந்துள்ளது. சுற்றியுள்ள சிற்றூர்களைச் சேர்ந்தவர்களே அங்குப் பணியாற்றுகின்றனர்.

இத்தகைய விடுதிக்குச் சாலை கிடையாது. அரிசி, எண்ணெய், காப்பி போன்றவை படகில் வர வேண்டும். மின்சாரத்துக்குச் சூரிய ஒளியை நம்ப வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் பாக்டீரியாக்கள் வெகு விரைவாகப் பெருகுகின்றன. பிடித்த மீனை நெடுநேரம் வெளியே வைக்க முடியாது. பெரிய குளிர்பதன அறையை இயக்கும் அளவுக்கு மின்சாரமும் எளிதில் கிடைக்காது. எனவே அருகில் கிடைப்பதை அன்றே சமைப்பது அங்கு நாகரிகம் மட்டுமன்று, தேவையும் கூட.

மூச்சை எண்ணும் மீனவர்

அமேசான் மீன்களுள் தலையாயது பிரரூகூ. மூன்று மீட்டர் நீளமும் இருநூறு கிலோ எடையும் வரை வளரக்கூடியது. நன்னீரில் வாழும் செதில் மீன்களில் இதுவே மிகப் பெரியவற்றுள் ஒன்று. முள் குறைந்த, கெட்டியான சதை. உப்பிட்டு உலர்த்தினால் நம் கருவாட்டைப் போல நீண்ட நாள் வைத்திருக்கலாம்.

இம்மீனுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. நம் குளத்து விராலைப் போல இதுவும் காற்றைச் சுவாசிக்கும். வெப்பமான தேங்குநீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் குறைவு. ஆகவே இதன் காற்றுப்பை நுரையீரலைப் போல மாறியமைந்துள்ளது. வளர்ந்த பிரரூகூ சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீரின் மேல் வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். இல்லாவிடில் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். மேலே வரும் அந்த நொடியில்தான் மீனவர் ஈட்டியை எறிவர். மீன் பெரியது, சுவையானது, வெளியே வந்து முகம் காட்டுவது. எனவே இருபதாம் நூற்றாண்டில் பல ஏரிகளில் இது அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. 1996-இல் அமேசோனாஸ் மாநிலத்தில் இதைப் பிடிப்பது தடை செய்யப்பட்டது.

மீனைக் காட்டிக்கொடுத்த அதே இயல்பு பின்னர் அதனைக் காப்பாற்றவும் உதவியது. மமிராவாவின் முதிய மீனவர்கள், மீன் மேலே வரும்போது எழும் ஒலியையும் நீரின் அசைவையும் கொண்டு அது எவ்வளவு பெரியது என்று கூறவல்லவர்கள். அறிவியலாளர்கள் இத்திறமையை ஒரு கணக்கெடுப்பு முறையாக ஒழுங்குபடுத்தினர். ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு மீனவரும் ஒரு பகுதியை 20 நிமிடங்கள் உற்றுநோக்குவார். மூச்சுவிட வந்த மீன்களை, ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்டவை, அதற்குக் குறைந்தவை என இரு வகையாக எண்ணிக் குறிப்பார். வலை வீசிப் பிடித்து எண்ணிச் சரிபார்த்தபோது இக்கணக்கு மெய்யான எண்ணிக்கையோடு நன்கு ஒத்துவந்தது.

1999-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, எண்ணப்பட்ட பெரிய மீன்களில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் பிடிக்க அனுமதியில்லை. ஒன்றரை மீட்டருக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது. டிசம்பர் முதல் மே முடிய, மீன் குஞ்சு பொரித்து வளர்க்கும் காலத்தில், பிடிக்கவே கூடாது. இவ்வாறு எண்ணிப் பிடிக்கும் ஊர்களுக்கு மட்டும் தடையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. முதன்முதலில் இம்முறையைக் கைக்கொண்ட ஏரிகளில் 2006-க்குள் மீன்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்பது மடங்காயிற்று. காவல் காப்பவர்களும் மீனவர்களே. களவாகப் பிடிக்க வரும் வெளியாட்களைத் தடுக்க இரவு பகலாக ஏரிக் கரையில் இருக்க வேண்டிய கடுமையான வேலை அது.

காட்டில் மேயும் மீன்

விடுதிகளில் மிகுதியாகப் பரிமாறப்படும் மற்றொரு மீன் தம்பாக்கி. இதன் விலா எலும்போடு சேர்ந்த கொழுத்த சதையைத் தணலில் சுடுவர். இதன் வாயைத் திறந்து பார்த்தால் குதிரையின் பல்லைப் போன்ற வலிமையான கடைவாய்ப் பற்களைக் காணலாம். மீனுக்கு ஏன் அத்தகைய பல்?

வெள்ளம் ஏறும்போது காடு நீருக்குள் போகின்றது. தம்பாக்கி மரங்களிடையே நீந்திச் சென்று, நீரில் விழும் ரப்பர் மர விதைகளையும் பனையினப் பழங்களையும் கடித்து உண்கின்றது. சில விதைகள் உடையாமல் குடல் வழியே வெளியேறி வேறிடத்தில் முளைக்கின்றன. பெருவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, இம்மீன் விதைகளை ஐந்து கிலோமீட்டர் தொலைவு வரை கொண்டு செல்லக்கூடும் எனக் காட்டியது. பெரிய மீன்களே விதைகளை மிகுதியாகவும் தொலைவாகவும் கொண்டு செல்கின்றன. பெரியவற்றையெல்லாம் பிடித்துவிட்டால் மீன் மட்டுமன்று, மரங்களின் பரவலும் குறைகின்றது. கரையோரக் காட்டை வெட்டினாலோ மீனுக்கு மேய்ச்சல் இல்லை. ஆகவே தட்டிலுள்ள தம்பாக்கி ஏரியில் விளைந்தது என்பதைவிடக் காட்டில் விளைந்தது என்பதே பொருத்தம்.

நஞ்சிலிருந்து மாவு

மீனோடு எப்போதும் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் நிறப் பொரிமாவு வைக்கப்பட்டிருக்கும். ‘ஃபரின்யா’ என்னும் இது மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்படுவது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்காவே. அதில் கசப்பு வகை, இனிப்பு வகை என இரண்டு உண்டு. அமேசான் மக்கள் விரும்பி மாவாக்குவது கசப்பு வகையை. நஞ்சு மிகுந்த வகையும் அதுதான்!

மரவள்ளியின் செல்களில் லினமரின் என்னும் பொருள் இருக்கின்றது. அதனைச் சிதைக்கும் நொதி செல்லின் சுவரில் தனியே இருக்கின்றது. ஏதேனும் ஒரு விலங்கு கடித்துச் செல் உடைந்தால் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் கொடிய நஞ்சு இது. செடிக்கு இது நல்ல காவல். ஆதலால் கசப்பு மரவள்ளியைப் பூச்சியும் விலங்கும் எளிதில் அண்டுவதில்லை.

அமேசான் மக்கள் இக்காவலைக் கொண்டே அதனை வென்றனர். கிழங்கைத் தோல் நீக்கிச் சில நாள் நீரில் ஊறவைக்கின்றனர்; அல்லது நேரே துருவுகின்றனர். துருவும்போது செல்கள் உடைந்து நொதி தன் வேலையைச் செய்கின்றது. பிறகு அத்துருவலைத் ‘திப்பித்தி’ என்னும் நீண்ட குழாய் வடிவக் கூடையில் அடைத்துத் தொங்கவிட்டு, அடியில் எடையிட்டு இழுக்கின்றனர். சாய்வாகப் பின்னப்பட்டிருப்பதால் கூடை நீளும்போது குறுகி, உள்ளிருப்பதைப் பிழிந்து விடுகின்றது. நச்சுச் சாறு வடிந்துவிடும். எஞ்சிய மாவைச் சலித்துப் பெரிய தட்டையான சட்டியில் கிளறிக்கிளறி வறுக்கின்றனர். ஹைட்ரஜன் சயனைடு ஏறத்தாழ 26 டிகிரி செண்டிகிரேடிலேயே ஆவியாகிவிடும் பொருள். ஆதலால் மிச்சமிருந்ததும் சட்டியின் சூட்டில் பறந்துவிடும். வடிந்த சாற்றின் அடியில் படியும் வெண்ணிற மாவுச்சத்தே தப்பியோகா. மேலே நிற்கும் சாற்றை வெகுநேரம் கொதிக்கவைத்து நஞ்சு நீக்கி, ‘துக்குப்பி’ என்னும் புளிப்புக் குழம்பாக்குகின்றனர். வேதியியல் என்னும் சொல்லே அறியாத காலத்தில் கண்டறியப்பட்ட முறை இது.

இதில் அவசரம் காட்டினால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்கா காட்டியது. போர்த்துக்கீசியர் மூலம் மரவள்ளி அங்கே சென்றது. பஞ்ச காலங்களில் போதிய நாள் ஊறவைக்காமல் உண்ட ஏழை மக்களுக்குக் கால்கள் திடீரென விறைத்துச் செயலிழந்தன. மொசாம்பிக்கில் 1981-இல் வறட்சியின்போது இந்நோய் பலரைத் தாக்கியது. ‘கொன்சோ’ எனப்படும் இந்நோய்க்கு மற்றொரு காரணமும் உண்டு. உடலுக்குள் சென்ற சிறிதளவு சயனைடை நம் உடல் கந்தகத்தோடு சேர்த்துத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றி வெளியேற்றுகின்றது. அந்தக் கந்தகம் புரத உணவிலிருந்து கிடைக்க வேண்டும். மரவள்ளியை மட்டுமே உண்டு புரதம் இல்லாதவர்களே கொன்சோவுக்கு ஆளாயினர். மீனையும் மரவள்ளி மாவையும் சேர்த்து உண்ணும் அமேசான் வழக்கம் எவ்வளவு பொருத்தமானது என்பதை இதிலிருந்து அறியலாம்.

நமக்கும் இது புதிதன்று. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரவள்ளிப் பயிரை ஊக்குவித்தார். அன்று அந்நாட்டைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரிப் பகுதியில் ‘மரச்சீனி’ என்று அழைக்கப்படும் இக்கிழங்கை இன்றும் மீன் குழம்போடு உண்கின்றனர். அங்கே கிழங்கை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டுவர். லினமரின் நீரில் கரையும் என்பதால் அவ்வழக்கம் மிகச் சரியானதே. சேலத்து ஜவ்வரிசியும் இக்கிழங்கின் மாவுச்சத்துதான்.

புதியதெல்லாம் நல்லதா?

அசாயி என்பது அமேசான் பனையினம் ஒன்றின் பழம். நாவற்பழத்தைப் போலக் கருநீலமானது. உள்ளே பெரும்பகுதி விதை. விதையைச் சுற்றியுள்ள மெல்லிய சதையை நீர் விட்டுக் கரைத்துக் கூழாக்கி, மீனோடும் ஃபரின்யாவோடும் உண்கின்றனர். கொழுப்புச்சத்து நிறைந்த இக்கூழ் ஒரு நாள் சென்றால் புளித்துவிடும். ஆகவே இதைப் புதிதாகத்தான் உண்ண வேண்டும்.

ஆனால் புதிது என்பதாலேயே தீங்கற்றது என்று சொல்ல முடியாது. சாகாஸ் என்னும் இதய நோயை உண்டாக்கும் ஒற்றைச் செல் உயிரியைச் சுமக்கும் ஒருவகை மூட்டைப்பூச்சி இனம் பனைகளில் வாழ்கின்றது. பழத்தோடு அப்பூச்சியும் அரைபட்டால் நோய் கூழின் வழியே பரவுகின்றது. இதற்கு மருந்து எளிது. கழுவிய பழங்களை 80 டிகிரி செண்டிகிரேடு வெந்நீரில் பத்து நொடி அமிழ்த்தி எடுத்து, உடனே குளிர்விக்க வேண்டும். நல்ல சமையற்கட்டின் அடையாளம் பழம் எப்போது பறிக்கப்பட்டது என்பது மட்டுமன்று. அந்தப் பத்து நொடி கடைப்பிடிக்கப்பட்டதா என்பதும்தான்.

மரம் நின்றால் உணவு

பனைக் குருத்தைப் பச்சடியாகப் பரிமாறுவதும் அங்கு வழக்கம். இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. ஒற்றைத் தண்டுடைய பனையின் குருத்தை வெட்டினால் மரம் இறந்துவிடும். அமேசோனாஸ் காடுகளில் உள்ள அசாயி ஒற்றைத் தண்டு வகை. ஒரு வேளைப் பச்சடிக்காகப் பல ஆண்டு வளர்ந்த, ஆண்டுதோறும் பழம் தரும் மரம் போய்விடும். மாறாகப் புப்புன்யா என்னும் பனையினம் அடியிலிருந்து பல தண்டுகளை விடுவது. ஒன்றை வெட்டினால் மற்றவை வளரும். தோட்டத்தில் பயிரிடத்தக்கது. இரண்டு குருத்துகளும் தட்டில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் காட்டுக்கு ஒன்று இழப்பு, மற்றது இழப்பன்று.

வெள்ளம் ஏறாத மேட்டு நிலக் காடுகளுக்குச் சென்றால், அங்குள்ள விடுதிகளில் பிரேசில் கொட்டை கிடைக்கும். ஐம்பது மீட்டர் வரை உயரும் இம்மரத்தின் காய் முற்ற ஓராண்டுக்கும் மேல் ஆகின்றது. தேங்காய் ஓட்டைப் போன்ற கடினமான காய்க்குள் பத்து முதல் இருபத்தைந்து கொட்டைகள் வரை இருக்கும். இதன் மூடிய பூவைத் திறந்து உள்ளே நுழைய வலிமையுள்ள பெரிய தேனீக்களும் தச்சுத் தேனீக்களும் வேண்டும். அத்தேனீக்கள் வாழக் காட்டின் பிற செடிகளும் பூக்களும் வேண்டும். தரையில் விழுந்த காயைக் கொறித்துத் திறந்து விதைகளைப் புதைத்து வைக்க அகூட்டி என்னும் கொறி விலங்கு வேண்டும். அது புதைத்து மறந்தவையே புதிய கன்றுகளாகின்றன. தனித் தோட்டமாகப் பயிரிட்ட இடங்களில் இம்மரம் சரியாகக் காய்க்கவில்லை. உலகச் சந்தைக்கு வரும் பிரேசில் கொட்டைகளில் பெரும்பகுதி இன்றும் காட்டில் பொறுக்கப்பட்டவையே. கொட்டை விற்று வாழும் குடும்பத்துக்கு நிற்கும் காடுதான் நிலம்.

தட்டில் இல்லாதது

விடுதியில் எது பரிமாறப்படுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தபீர், குரங்கு போன்றவற்றின் இறைச்சி அங்கே இருக்கக் கூடாது. பிரேசிலில் காட்டு விலங்குகளை வேட்டையாடி விற்பதை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. இதற்கு உயிரியல் காரணமும் உண்டு. தம்பாக்கி ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். தபீரோ ஏறத்தாழ பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனுகின்றது. காட்டில் வாழும் குடும்பம் தன் பசிக்கு வேட்டையாடுவது வேறு. நாள்தோறும் மாறிவரும் பயணிகளின் நாவுக்காக வேட்டையாடுவது வேறு. பின்னதைத் தபீரின் பிறப்புவீதம் தாங்காது.

ஆக, ‘புதிய உள்ளூர் உணவு’ என்னும் சொற்றொடர் மட்டும் எதையும் உறுதி செய்வதில்லை. வெட்டப்பட்ட காட்டுப்பனையின் குருத்தும் உள்ளூர் உணவுதான். தடைக் காலத்தில் களவாகப் பிடித்த பிரரூகூவும் புதிய மீன்தான். அதனோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இதிலுள்ள தீங்கு எவ்வாறு நீக்கப்பட்டது? இதை எடுத்த பிறகு மிச்சம் எவ்வளவு இருக்கின்றது? அந்த மிச்சத்தைக் காப்பவருக்கு இதனால் என்ன கிடைக்கின்றது?

மமிராவாவின் மீனவர்கள் இரண்டாம் கேள்விக்கு ஏரிக் கரையில் அமர்ந்து எண்ணியே விடை கண்டார்கள். பெரிய கருவிகள் எதுவும் அவர்களிடம் இல்லை. பழகிய கண்ணும், காதும், ஒரு குறிப்பேடும் இருந்தன. அடுத்த ஆண்டும் மீன் வேண்டும் என்னும் எண்ணமும் இருந்தது. நம் ஏரிகளிலும் கடற்கரையிலும் இன்று மீன் குறைகின்றது என்று கேள்விப்படுகின்றோம். எவ்வளவு குறைந்தது, எவ்வளவு மீதமுள்ளது என்பதை எண்ணத் தொடங்குவதே அதற்கும் முதல் வேலை. அந்த வேலையைப் பள்ளி மாணவர்களும் தங்கள் ஊர்க் குளத்திலிருந்து தொடங்கலாம்.